பாட்டுப் போடாத கல்யாணம்

ஆவணி 9, செவ்வாய்

வெயில். காலையிலயே சுள்ளுன்னு. மேகம் தெக்க கூடுது, நம்ம பக்கம் எட்டிப் பாக்கிறதில்ல.

இன்னைக்கு வேலை: ரேஷன் கடை. செருப்பு தைக்கக் குடுக்கணும். ஒரு பக்கம் எழுதணும்.

மூணாவதுதான் கஷ்டம்.

நோட்டு ஜொஹரா மதினி குடுத்தது. என் கூட்டாளி அப்பாஸ் பொண்டாட்டி. "எதையாச்சும் எழுதுங்க தம்பி. நான் பாக்க மாட்டேன், ஒருத்தரும் பாக்க மாட்டாக. எழுதிப் பழகுனாத்தான் வாசிக்க வரும்"னு சொல்லிட்டாக. பள்ளிக்கூடத்துக்கு நான் போனது ஆண்டு விழாவுக்கு லைட்டுப் பிடிக்க. அதுவும் மேடைக்குக் கீழ நின்னு. இந்த வயசுல, நாலு மாசமா அவககிட்ட அ, ஆ. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

அப்பாஸுக்காகத்தான். நான் திருப்பூர்ல மகன் வீட்டுல கெடந்த வருசங்கள்ல அவனுக்குத் தொண்டையில ஆபரேசன். உசுரு தங்கிருச்சு, குரலு போயிருச்சு. அப்ப எங்க ரெண்டு பேருகிட்டயும் பட்டன் போன்தான், குரலைப் பிடிச்சு வைக்க வழியில்ல. கடைசியா போன்ல என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கு: "சித்திரைக்கு வந்துரு, முருங்கை காச்சுத் தொங்குது." நான் போகல.

இந்தச் சித்திரைக்குத்தான் ஒரேயடியா பாளையம்பட்டிக்கு வந்து சேந்தேன். அவன் சிலேட்டுல எழுதிக் காட்டுறான். அடுத்தவக எழுத்து எனக்கு இன்னும் வாசிக்க வராது. அவனுக்குப் பேச்சு இல்ல, எனக்கு எழுத்து இல்ல. மதினி நடுவுல உக்காந்து வாசிச்சுச் சொல்றாக. கெட்ட வார்த்தையா எழுதுனா மட்டும் "என்னமோ எழுதியிருக்காரு"ன்னு கையால அழிச்சிர்றாக. அவன் பேச்சுல பாதி அதுதான்.

கை வலிக்குது. போதும்.

ஆவணி 10, புதன்

சாயந்தரம் காத்து. புழுதி. கண்ணு தொறக்க முடியல.

அப்பாஸ் வீட்டு உள்ரூம்ல பழைய மிக்ஸிங் மிஷின், கல்யாண வீடியோவைச் சேத்துக் குடுத்த கம்ப்யூட்டர். போர்வை போத்திக் கெடக்கு. நான்தான் போர்வையை எடுத்தேன். வெள்ளைப் பெட்டி, இப்ப பழுத்த மஞ்சள். மேல நான் வச்ச குங்குமம் காஞ்சு இன்னும் ஒட்டியிருக்கு. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை பெட்டியைத் தொறந்து உள்ள இருக்கிற சாமானுக்கெல்லாம் பொட்டு வப்பேன். "ஏலே, நான் தொழுதுட்டு வாரதுக்குள்ள என் மிஷினுக்குப் பொட்டு வச்சிட்டியாடா"ம்பான். அழிக்க மாட்டான்.

அவன் கேமரா, நான் லைட்டு. திருச்சுழியில இருந்து நரிக்குடி வரைக்கும் நாங்க போகாத பந்தல் இல்ல. தோள்ல கேமராவை வச்சா அவன் வாய் மூடாது. அண்ணே நிமிந்து பாருங்க. மாப்ளை, பஸ்ஸை விட்ட மாதிரி நிக்காதீக, சிரிங்க. அத்தே, சேலைத் தலைப்பு. நடுநடுவுல எனக்கு ஏச்சு. என் பேரு இருளப்பன். "பேரு இருளப்பன், பிடிக்கிறது லைட்டு"ன்னு ஊர் ஊராச் சொல்லிச் சிரிக்க வச்சவன் அவன். அந்தச் சிரிப்பைத்தான் படமா எடுப்பான். அது அவன் தந்திரம்.

லைட்டுச் சூட்டுல என் வலது கை ரோமம் முளைச்சதே இல்ல. வீட்டுல கேப்பாக, என்ன கை பொம்பளைக் கை மாதிரி இருக்குன்னு.

எடுத்துட்டு வந்து மிக்ஸிங். பூ கொட்டும், ஆப்பிளுக்குள்ள மாப்ளை வருவாரு, இதயத்துக்குள்ள பொண்ணு சுத்தும். அதுக்கெல்லாம் முதல் வேலை ஒண்ணு உண்டு: சத்தத்தை எடு. மேளம், மந்திரம், பந்தியில கரண்டிச் சத்தம், அப்பாஸ் கத்தல், எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு மேல சினிமாப் பாட்டு. எல்லாக் கடையிலயும் அப்படித்தான்.

மதினி டீ கொண்டு வந்தாக. மிஷினைப் பாத்தாக. நின்னுட்டாக. சொன்னது:

"இவரு சவுதியில வேலைக்கு இருந்தப்ப ஆளு இல்ல, போன்ல சத்தம் இருந்துச்சு. அதை வச்சே குடும்பம் நடத்துனேன். இப்ப ஆளு இருக்காரு, சத்தம் இல்ல. இந்தச் சீமையில பாதி வீட்டுல இவரு எடுத்த கேசட்டு கெடக்கு தம்பி. ஒண்ணுல ஒரு சொல்லு இல்ல. இவரே எடுத்துட்டாரு."

அப்பத்தான் எனக்குச் சட்டுன்னு வந்துச்சு. ஒண்ணு இருக்கு. திருச்சுழிக்கு மேக்க ஒரு ஊர்ல கடைசியா எடுத்த கல்யாணம். கருவேலங்காட்டு ஓரம் பந்தல், பொண்ணுக்குப் பச்சைப் பட்டு, மாப்ளை இடது காது கிழிஞ்சவரு. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வீட்டுக்கும் சண்டை. கேசட்டுக் கேட்டு ஆளே வரல. அதே வாரம் அப்பாஸுக்கு விசா வந்துச்சு. மிஷினுக்குள்ள ஏத்தி வச்சதோட சரி, எடுத்த கேசட்டு பூஞ்சை பிடிச்சுப் போச்சு. மிக்ஸிங் பண்ணல. சத்தத்தை எடுக்கல.

சொன்னேன். மதினி டீத் தட்டைக் கீழ வச்சாக.

அப்பாஸ் சிலேட்டுல ஒரே சொல்லு. அழுத்தி எழுதுனான், சாக்பீஸ் உடைஞ்சுச்சு. மதினி வாசிச்சாக: "வேண்டாம்."

பொறகு மெதுவா என்கிட்ட: "அவரு கெடக்காரு. நீங்க பாருங்க தம்பி."

ஆவணி 12, வெள்ளி

அப்பாஸ் பள்ளிவாசலுக்குப் போன நேரம். சவுந்தரம் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வச்சிருக்கிற பொம்பளைப் பிள்ளை. தறிக்காரர் வீடு. அம்மாகூட போன்ல தெலுங்கு, எங்ககூடத் தமிழ், மிஷின்கூட ரெண்டுமில்லாத ஒரு முணுமுணுப்பு.

பெட்டியைத் தொறந்துச்சு. கரப்பான் ஒண்ணு ஓடுச்சு. உள்ள கறுப்பா வீடியோ கேசட் கணக்கா ஒண்ணு செங்குத்தா நிக்குது, முதுகுல குட்டி ஃபேன். அதுக்குப் பக்கத்துல அதே மாதிரி ஒரு பள்ளம், காலி.

"பெரியப்பா, இது ரெட்டைப் பிராசஸர் போர்டு. மூளை ரெண்டு. ஒண்ணைக் காணோம்."

"ஒண்ணை வச்சு ஓட்ட முடியாதாத்தா?"

"இது எந்திரிக்காது. காலிப் பள்ளத்துக்குன்னு ஒரு டம்மி அட்டை உண்டு, அதைச் சொருகுனா ஒத்தையில ஓடும். இருக்கா?"

இல்ல. டப்பாவோட எப்பவோ போச்சு.

"அப்ப ஜோடிதான் வேணும். அதுலயும் அதே வேகம், அதே வகை. கண்டதைச் சொருகிற முடியாது."

படம் இருக்கிற டிஸ்க்கை மட்டும் கழட்டி உன் மிஷின்ல போட்டுப் பாரேன்னு கேட்டேன். கொண்டு போயிருக்கு. பவர் பெட்டி, பேட்டரி ரெண்டும் மாத்தணுமாம்.

இன்னொண்ணு எங்கன்னு அது கேட்டுச்சு. மதினி என்னைப் பாத்தாக. நான் ஃபேனைப் பாத்தேன்.

எங்கன்னு தெரியும். பந்தல்குடி பாண்டி.

அந்தக் காலத்துல இந்தப் பக்கம் ரெட்டை மிஷின் ரெண்டே பேருகிட்டத்தான். எங்ககிட்ட ஒண்ணு, பாண்டி ஸ்டூடியோவுல ஒண்ணு. அப்பாஸ் சவுதிக்குக் கிளம்புற அன்னைக்கு பாண்டி ஓடி வந்தான். மிஷின் படுத்துருச்சு, முகூர்த்த மாசம், ஏழு கல்யாணம் நிக்குதுண்ணேன்னு. அப்பாஸ் அவன் கண்ணு முன்னாடியே ஒண்ணை உருவிக் குடுத்தான். "முகூர்த்தம் முடியவும் கொண்டாந்து சொருகிரு." கொண்டாரல. போதாததுக்கு எங்க வாடிக்கையெல்லாம் அவன் பக்கம் போச்சு. திரும்பி வந்த பொறகு அப்பாஸ் பந்தல்குடி ரோட்டுல பஸ்ஸுலகூடப் போறதில்ல. தூத்துக்குடிக்குப் போகணும்னா சுத்திப் போவான்.

ழ எழுத வரமாட்டேங்குது. வால் எந்தப் பக்கம் சுழிக்குதுன்னு கை மறந்துருது.

ஆவணி 13, சனி

டிஸ்க்கைச் சவுந்தரம் போட்டுப் பாத்துருச்சு. ஃபைல் இருக்கு. தொறந்தா பச்சைக் கட்டம் கட்டமாத் தெரியுது, சத்தம் இல்ல. பழைய பெட்டியில படம் ஏத்துற அட்டை ஒண்ணு இருக்கில்ல, அது வழியாத்தான் இது தொறக்குமாம். புது மிஷின்ல அந்த அட்டைக்கு இடமே கிடையாது.

ஆக அந்தப் பெட்டிதான் எந்திரிக்கணும்.

சென்னையில பழைய சாமான் ஆளு ஒருத்தர்கிட்ட அறுநூறு வேகம் உள்ளது ஒண்ணு சொல்லியிருக்கு. நம்மதும் அறுநூறு. எண்ணு எனக்கு எப்பவுமே தெரியும். பஸ் நம்பர், மண்டப நம்பர். எழுத்துதான் இல்ல.

மருமக போன். "மாமா அங்க என்ன பண்றீக தனியா?" எழுதுறேன்னு சொல்லல. சும்மா இருக்கேன்னேன்.

ஆவணி 16, செவ்வாய்

பார்சல் வந்துருச்சு. அதே கறுப்பு, அதே அளவு, மேல 600. நான் பாத்த உடனே சரியா இருக்குன்னுட்டேன். சவுந்தரம் சொருகுச்சு. சுவிட்ச். ஃபேன் சுத்துச்சு. மிஷின் நீளமாக் கூவுச்சு, ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி. திரையில ஒண்ணும் இல்ல.

திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. போன்ல தேடுச்சு. தலையில அடிச்சுக்கிருச்சு.

"அறுநூறுலயே நாலு வகையறா விட்டிருக்கான் பெரியப்பா. மேல ஒரே எண்ணு, உள்ள வேற வேற."

"வேகம் ஒண்ணுதானத்தா?"

"போய்ச் சேர்ற வேகம் ஒண்ணு. வைக்கிற எட்டு வேற. இது எட்டி வச்சு நாலரை எட்டுல போகும், நம்மது குறுக வச்சு ஆறு எட்டுல போகும். கரண்டும் அது வேற அளவு குடிக்குது, இது வேற அளவு குடிக்குது."

புரிஞ்சுச்சு. சப்பரம் தூக்குறப்ப முன்னால ஒருத்தன் நெட்டை ஒருத்தன் குட்டையா நின்னா சாமி சாயும். ரெண்டு பேருமே நல்லாத் தூக்குறவந்தான், சேத்து நிப்பாட்டுனதுதான் தப்பு. அதைச் சொன்னேன். "அதேதான்"னுச்சு.

அப்பாஸ் வாசப்படியில சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். வேண்டாம்னு சொன்னவன். மிஷின் கூவினப்ப ஒரு எட்டு உள்ள வந்தான். பொறகு பின்னாடி போயிட்டான்.

மழை இல்ல.

ஆவணி 18, வியாழன்

பாளையம்பட்டி விலக்குல பழைய இரும்புக் கடை. சவுந்தரம் சொல்லி வச்சிருந்துச்சு. கோணியில இருந்து கடைக்காரர் ஒண்ணை எடுத்துப் போட்டாரு. பழைய வாளி, சைக்கிள் ரிம்மு, நடுவுல இது.

வைக்கிற எட்டும் ஒண்ணு, கரண்டும் ஒண்ணு. நமக்கு மலிவு வகைன்னாலும் ஓடும்னு கொண்டு வந்தோம்.

மிஷின் கூவல. கறுப்பாவே நின்னுச்சு. சவுந்தரத்துக்கு வேர்த்துருச்சு.

"இது ஒத்தையா ஓடுறதுக்குன்னே செஞ்சது. ஜோடி சேரக் கூடாதுன்னு ஒரு கம்பியைக் கம்பெனிக்காரனே அறுத்து விட்டிருக்கான். மலிவா ரெண்டு வாங்கிச் சேத்துட்டா வெலை கூடினது விக்காதுல்ல."

அப்பாஸ் சிலேட்டை எடுத்தான். வேகமா எழுதுனான். மதினி எட்டிப் பாத்துட்டு "ச்சீ"ன்னு அழிச்சாக. அவன் தோளு குலுங்குது. சிரிக்கிறான். சத்தம் இல்லாத சிரிப்பு. நான் வாசிக்கிறதுக்குள்ள போயிருச்சு. 'காளை'ன்னு மட்டும் பிடிச்சேன். அது போதும், நானும் சிரிச்சேன்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சிரிச்சு எத்தனை காலம்.

சவுந்தரம் கிளம்பும்போது மதினிகிட்ட: "அசல் ஜோடி கெடச்சா ஒரு நிமிஷ வேலை பெரியம்மா. ஒரே டப்பாவுல வந்தது. அது எங்கதான் போச்சு?" மதினி வாயைத் தொறந்தாக. அப்பாஸ் பாத்தான். மூடிக்கிட்டாக.

ஆவணி 20, சனி

தெக்க இடி. மண்வாசனை மட்டும் வந்துச்சு.

ராத்திரி பூரா யோசிச்சது. காலையில அப்பாஸ்கிட்ட நேராவே கேட்டேன்.

"பாண்டிகிட்ட நான் போயிட்டு வாரேன்."

அவன் முகம் மாறிருச்சு. மதினி கறிக்கடைக்குப் போயிருந்தாக. நாங்க ரெண்டு பேர்தான். சிலேட்டு பூரா எழுதுனான், பெரிய பெரிய எழுத்து. எனக்கு நேரா நீட்டுனான்.

பந்தல்குடிக்குப் போகாதே.

வாசிச்சுட்டேன். ப, ந், த... முதல்ல ஒவ்வொண்ணா, பொறகு மொத்தமா ஒரே சொல்லா நின்னுச்சு. யாரும் சொல்லித் தரல. உடம்பு பூரா ஒரு மாதிரி ஆயிருச்சு. சின்ன வயசுல கெணத்துல முதமுதலா மிதந்தப்ப இருந்த மாதிரி.

கத்தணும் போல இருந்துச்சு. அப்பாஸு, வாசிச்சுட்டேன்டான்னு.

கத்தல. வாசிச்சேன்னு தெரிஞ்சா போக முடியாது. போன்ல அன்னைக்கு வரச் சொல்லி நான் கேக்கல, நேருக்கு நேரா இன்னொரு தடவை மீற முடியாது. அதனால சிலேட்டை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, கண்ணைச் சுருக்கி, "இது என்னடா, ககரமா பகரமா ஒண்ணும் புடிபடல. மதினி வரட்டும், கேட்டுக்கிறேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

பின்னால சிலேட்டைத் தரையில தட்டுறான். டொக் டொக்குன்னு. திரும்பல.

பஸ்ஸு கெடைச்சுச்சு, லோடு லாரிக்குப் பின்னாலயே ஊர்ந்து போச்சு. வெயில்ல ரோடு தண்ணியா மின்னுது.

பாண்டிக்கு ஸ்டூடியோ இல்ல இப்ப. அதே இடத்துல லாரிக்காரங்களுக்கு டீக்கடை. தலை நரைச்சு, வயிறு போட்டு. பாத்த உடனே அடுப்பை அணைச்சான்.

"அண்ணே. லைட்டண்ணே."

"ஆமா."

"பாய்க்குப் பேச்சு நின்னு போச்சுன்னு கேள்விப்பட்டேன். வரணும்னு நெனச்சேன். எப்படி வர்றது? வந்தா ஏசுவாரு. ஏச முடியாதவர்கிட்டப் போயி நிக்கிறது அதைவிடக் கேவலம்."

நான் வந்த சோலியைச் சொன்னேன். கடைக்குள்ள போனான். கண்ணாடி அலமாரி. அவன் பழைய கேமரா, அவன் அப்பா படம், ஒரு கேடயம். அதுக்கு நடுவுல கறுப்பா அது.

துடைச்சு என் கையில வச்சான். ஓரத்துல குங்குமம். என் விரல் அளவு. காவி ஏறிப் போயிருக்கு.

"மிஷினை எடைக்குப் போட்டேண்ணே. இதை மட்டும் போட மனசு வரல. உங்க பொட்டு இருக்குல்ல. இது என்னது இல்லைன்னு அது சொல்லிக்கிட்டே இருந்துச்சு. முத வருசம் குடுக்கணும்னு இருந்தேன். ரெண்டாம் வருசம் வெக்கம். பொறகு வெக்கமே பழகிருச்சு."

டீ குடுத்தான். குடிச்சேன். காரச்சேவு கட்டிக் குடுத்தான். "பாய் ஏசுவாராண்ணே?"

"அதைக் கேக்கத்தான்டா இதை வாங்கிட்டுப் போறேன்."

கடை வாசல்ல நின்னு நான் பஸ் ஏறுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தான்.

சட்டைப்பையில வச்சு மேல கையை வச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். இது இந்தக் கையில எத்தனை தடவை பொட்டு வாங்கினது.

ஆவணி 21, ஞாயிறு

சவுந்தரத்துக்கு இன்னைக்குச் சொந்தத்துல காதுகுத்து. நாளைக்குத்தான் வருமாம். நான் அப்பாஸ் வீட்டுப் பக்கம் போகல. போனா முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிருவான்.

முருங்கைக்கீரை. சோறு. தூக்கம் வரல.

இன்னொரு யோசனை. வேண்டாம்னு எழுதினவனுக்கு அந்தக் குரலைக் கேக்க வச்சு, அது அவனை என்ன பண்ணும்? இல்லாததைக் காட்டுற மாதிரி ஆயிருமோ. மதினிக்கு வேணும். எனக்கு வேணும். அவனுக்கு?

தெரியல. எழுதுனாலும் தெரியல.

ஆவணி 22, திங்கள்

மழை. மதியம் ரெண்டு மணி வாக்குல ஒரு பாட்டம். ஓடு பூரா சத்தம்.

அந்த மழையிலயே சவுந்தரம் வந்துச்சு, பாலித்தீன் பையைத் தலையில கவுத்துக்கிட்டு. அப்பாஸ் கட்டில்ல. நான் பையில இருந்து எடுத்துக் குடுத்தேன்.

"எங்க கெடச்சுச்சு பெரியப்பா?"

"பழைய இரும்புக் கடையில."

அப்பாஸ் எந்திரிச்சு வந்தான். கையில வாங்கினான். பொட்டைப் பாத்தான். பெரு விரலால தடவுனான். என்னைப் பாத்தான். நான் ஓட்டுல மழை ஒழுகுதான்னு பாத்தேன்.

சிலேட்டு பக்கம் போகல. அதைச் சவுந்தரம் கையில குடுத்துட்டு, நாக்காலியை இழுத்துப் போட்டு மிஷினுக்கு நேரா உக்காந்தான்.

சொருகுச்சு. சுவிட்ச். கறுப்பு.

மதினி "யா அல்லா"ன்னாக.

"பொறுங்க." சவுந்தரம் உருவுச்சு. அடியில பித்தளைப் பல்லு வரிசை மங்கிப் போயிருக்கு. டீக்கடைப் புகை. பையில இருந்து பென்சில் அழிக்கிற ரப்பர் எடுத்துத் தேய்ச்சுச்சு, ரெண்டையும். தேய்க்கத் தேய்க்க பல்லு பளிச்சுன்னு. துணியால துடைச்சு, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல சொருகி, மேல உள்ளங்கையை வச்சு அழுத்துச்சு.

ஒரு கூவல். குட்டி. நல்ல கூவல். எனக்கு அந்தக் கூவல் தெரியும். எத்தனை காலையில அதுக்கு முழிச்சிருக்கேன்.

திரையில எழுத்து ஓடுது. இங்கிலீஷு. நடுவுல ஒரு 2.

"ரெண்டையும் எண்ணிருச்சு"ன்னு சவுந்தரம் கையைத் தட்டுச்சு. பொறகு நாங்க நாலு பேரும் சும்மா உக்காந்திருந்தோம். மிஷின் எந்திரிக்க அவ்வளவு நேரம். மழை விட்டுருச்சு. கொல்லையில சொட்டுற சத்தம்.

நான் பாண்டிக்கு போன் போட்டு, அவனும் கேக்கட்டும்னு, பேசாம, மடியில வச்சுக்கிட்டேன். மதினி பாத்தாக.

முதல்ல பச்சை. பொறகு பந்தல். வாழைமரம். கருவேலங்காடு. ஒரு வெளிச்சம் அங்கயும் இங்கயும் ஆடுது. அது நான். மேளம். அப்பறம்:

"இருளா! ஏலே இருளா! லைட்டை மாப்ளை மூஞ்சிக்குக் காட்டச் சொன்னா சமையக்காரர் முதுகுக்குக் காட்டுற! உனக்குப் பேரு வச்சவன் தெரிஞ்சுதான்டா வச்சிருக்கான்!"

பந்தல் பூரா சிரிக்குது. காது கிழிஞ்ச மாப்ளை சிரிக்கிறாரு.

மதினி தலைத்துணியை வாயில வச்சுப் பொத்திக்கிட்டாக. என் மடியில போன் "அண்ணே, அண்ணே"ங்குது.

நான் அப்பாஸைத்தான் பாத்தேன். அவன் உதடு அசையுது. பெட்டியில குரல் சொல்லச் சொல்ல, அதே சொல்லு, ஒரு நொடி முந்தி. அத்தே சேலைத் தலைப்பு. அண்ணே நிமிந்து பாருங்க. தொண்டையில கட்டின துணி ஏறி இறங்குது. அழுகை இல்ல. வேலை பாக்கிற முகம்.

பொறகு கேமராவை எங்கயோ பெஞ்சுல வச்சிருக்கான், அணைக்க மறந்துட்டான். திரையில வெறும் காலு. கரண்டிச் சத்தம். அவன் குரல், ஏச்சு இல்லாம, கிட்டத்துல:

"சாப்ட்டியாலே?"

"இல்ல." அது நான். அப்படி ஒரு குரலு எனக்கு.

"போ, பந்தி முடியப் போகுது. லைட்டைக் குடு, நான் பிடிச்சுக்கிறேன்."

இது எனக்கு ஞாபகத்துல இல்ல. எல்லாம் ஞாபகம் இருக்குன்னு நெனச்சிருந்தேன். பச்சைப் பட்டு ஞாபகம், காது ஞாபகம். இது இல்ல. ஒவ்வொரு கல்யாணத்துலயும் சொல்லியிருப்பான், அதான்.

முடிஞ்சுச்சு.

சவுந்தரம் மூக்கை உறிஞ்சிட்டு: "கரகரப்பு இருக்கு பெரியம்மா. மேளத்தைக் குறைச்சு, சுத்தம் பண்ணி, பின்னால மெல்லமா ஒரு பாட்டைப் போட்டு பென் டிரைவ்ல தரட்டா? நல்லா இருக்கும்."

அப்பாஸ் சிலேட்டை எடுத்தான். எழுதுனான். தூக்கிக் காட்டுனான். மதினி கண்ணு பூரா தண்ணி, வாசிக்க முடியல, துடைக்கிறாக. சவுந்தரம் வயரைச் சுத்துது. சிலேட்டு அப்படியே நிக்குது.

"பாட்டுப் போட வேண்டாம்."

வாசிச்சது நான். வாய் விட்டு.

மூணு பேரும் திரும்பினாக. மதினி "தம்பி!"ன்னாக. அப்பாஸ் சிலேட்டைத் திருப்பிப் பாத்தான், நான் சொன்னதுதான் அதுல இருக்கான்னு. என்னைப் பாத்தான். கையால அழிச்சான். மெதுவா எழுதுனான்.

அன்னைக்கும் வாசிச்சேல்ல?

"ஆமா"ன்னேன்.

சிலேட்டாலயே முதுகுல ஒண்ணு வச்சான். நல்ல அடி.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டினேன். அதோட முதுகுல சாக்பீஸ் எழுத்து பதிஞ்சு கெடக்கு, இடம் வலம் மாறி. விளக்குக்கு நேராப் பிடிச்சு ஒவ்வொண்ணா வாசிச்சுக்கிட்டிருக்கேன்.